ராத்திரி பயறு ஊறப்போடுவது யார் வேலை?

சிக்கனமான வீட்டுச் சாப்பாடு பற்றிப் பேச்சு எடுத்தாலே பழி பெண்கள் மீதுதான் விழுகிறது. "நாங்களெல்லாம் கம்பும் ராகியும் தின்று வளர்ந்தோம், இந்தக் காலத்துப் பொம்பளைகளுக்கு எல்லாமே பாக்கெட்தான்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போடுவார், நாலு பேர் ஆமாம் போடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது.

மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் பசியோடு வரும்போது வீட்டில் கொண்டைக்கடலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் டப்பாவில், காய்ந்தபடி இருக்கிறது. அது ஊறவே எட்டு மணி நேரம் வேண்டும். பேக்கரி தெருமுனையில் இருக்கிறது. அப்புறம் என்ன, பஃப்ஸ்தான். மலிவான சாப்பாடு அடுப்படியில் நிற்கும் நேரத்தில் முடிவாவதில்லை, முந்தின நாள் ராத்திரியே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவெடுக்கிற வேலையை ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டோம். பிரச்சினை அங்கேதான்.

எங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்களைப் பாருங்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவது. வந்து சோறாக்கி, பாத்திரம் கழுவி முடித்த பிறகு, நாளைக்கு என்ன ஊறப்போடலாம் என்றும் அவரே யோசிக்க வேண்டுமா? அந்தக் காலத்தில் இதை யோசிக்கத் திண்ணையில் ஒரு அப்பத்தா இருந்தார், அடுப்படியில் ஒரு அத்தை இருந்தார். இன்று அந்த வீட்டில் இருப்பது ஒரு பெண், ஒரு ஆண், இரண்டு பிள்ளைகள். மற்ற மூன்று பேருக்கும் கையும் காலும் இருக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். கால் கிலோ கருப்புக் கொண்டைக்கடலை 30 ரூபாய்க்குள் கிடைக்கும். ஊறி வெந்தால் ஏறக்குறைய அரைக் கிலோவாகிறது. நாலு பேர் வயிறார மாலைப் பலகாரமாகச் சாப்பிடலாம். காய்ந்த கடலையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் மொத்தமே முப்பது கிராம் தேறாது, அதுவும் உருளைக்கிழங்கும் எண்ணெயும் உப்பும்தான். நாலு பேருக்கு நாலு பாக்கெட் வாங்கினால் நாற்பது ரூபாய் போய்விடும், பசி அப்படியே இருக்கும்.

சுண்டலுக்குப் பெரிய கைப்பக்குவம் எதுவும் தேவையில்லை. ஊறிய கடலையை உப்புப் போட்டு குக்கரில் நாலைந்து விசில் விடுங்கள். விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும், அதுதான் பதம். தண்ணீரைக் கொட்டாதீர்கள், ராத்திரி ரசத்துக்கு ஆகும். கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கடலையைப் போட்டு, ஈரம் வற்றும் வரை இரண்டு நிமிடம் புரட்டி, தேங்காய்த் துருவல் தூவினால் முடிந்தது. தேங்காய் விலை ஏறிக் கிடந்தால் துருவிய மாங்காயோ கேரட்டோ போதும். பெரிய பிள்ளைகள் தாங்களே செய்யலாம்.

ஊறப்போட மறந்த நாளுக்குப் பச்சைப்பயறு இருக்கிறது. அது ஊறாமலே வேகும். கொங்குப் பக்கம் இதை லேசாக வறுத்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வரமிளகாய், கொத்தமல்லி விதை, சீரகம் சேர்த்து வேகவைத்து மத்தால் கடைவோம். சூடான சோற்றில் இந்தக் கடைசலைப் போட்டு ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டால் தொட்டுக்கொள்ள வேறெதுவும் வேண்டியதில்லை.

அதைவிட எளிது அரிசியும்பருப்பும் சோறு. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. ஒரு கை சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி, சீரகம், மிளகு, மஞ்சள்தூள். தாளித்து, வதக்கி, மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடினால் அரை மணியில் முழுச் சாப்பாடு தயார். ரேஷன் புழுங்கலரிசி என்றால் இன்னும் அரை டம்ளர் தண்ணீர் கூட வேண்டும்.

ரேஷன் அரிசி பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அது இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அதே கடையில் கிடைக்கிறது. அந்த அரிசியை மாட்டுக்குப் போட்டுவிட்டு, ராத்திரி டிபனுக்கு மாவு பாக்கெட் வாங்குகிற வீடுகள் எனக்குத் தெரியும். ரேஷன் புழுங்கலரிசியில் இட்லி நன்றாகவே வரும். நாலுக்கு ஒன்று உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம் போதும். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மாவு புளித்த பிறகு வெங்காயம் போட்டுப் பணியாரம். ஊறும்போது சில அரிசி மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று அதை அள்ளி வீசுகிறார்கள், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவில் செய்த செறிவூட்டிய அரிசி. நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. வீசினால் சத்தைத்தான் வீசுகிறோம்.

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கிழமைப் பட்டியல். தொடங்கியபோது திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று எழுதி வைத்திருந்தார்கள். சமைக்க வருகிறவர் தினமும் விடியற்காலையில் நின்று யோசிக்க வேண்டியதில்லை. இதை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு காகிதம் போதும். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது: எந்த ராத்திரி எது ஊற வேண்டும், யார் ஊறப்போட வேண்டும் என்று பெயரோடு. திங்கள் கடலை, பெரியவன். புதன் தட்டைப்பயறு, அவன் அப்பா. வெள்ளி மொச்சை, சின்னவள். ஞாயிறு அரிசியும் உளுந்தும், நான். பிள்ளைகள் தாங்களே ஊறப்போட்ட பயறு என்றால் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார்கள். அவன் அப்பாவுக்கு இப்போது பயறு விலை என் கணக்கைவிடத் துல்லியமாகத் தெரியும், எந்த மளிகைக் கடையில் வண்டு விழாத சரக்கு என்பதும் தெரியும்.

இதற்கெல்லாம் உதவிக்குச் சில சாமான் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்: அவல், பொட்டுக்கடலை, நிலக்கடலை, வெல்லம். பொட்டுக்கடலையைப் பொடித்து, வெல்லப்பொடியும் சூடான நெய்யும் சேர்த்து உருண்டை பிடிக்கப் பத்து நிமிடம் ஆகாது. கெட்டி அவலைக் கழுவிக் கால் மணி நேரம் வைத்துத் தயிரும் உப்பும் போட்டால் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். இனி குழுவில் யாராவது அந்தக் காலத்துக் கம்பையும் ராகியையும் பற்றி எழுதினால், நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் பயறு ஊறப்போட்டது யார் என்று நான் கேட்கப்போகிறேன்.