பருப்புச் சோறு இல்லை, அப்புறம்?

வரண் பாத் என்பது மராத்தி வீடுகளில் குழந்தைகளுக்குப் பிசைந்து ஊட்டும் பருப்புச் சோறு. லோன்ச்சா, ஊறுகாய். அந்தச் சோறும் இல்லை, யாருக்கும் யாரும் இல்லை என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது மகேஷ் மஞ்ச்ரேக்கர் இயக்கிய மராத்திப் படம் 'நய் வரண் பாத் லோன்ச்சா கோன் நய் கோன்ச்சா'. மறைந்த மராத்தி எழுத்தாளர் ஜெயந்த் பவாரின் சிறுகதையிலிருந்து எடுத்தது.

கதை நடக்கும் மண் கிரண்காவ், மும்பையின் மில் பகுதி. 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முடிந்ததாக இன்றுவரை யாரும் முறைப்படி அறிவிக்கவில்லை. மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அப்பாவுக்கு வேலை போன வீட்டில் வளர்ந்த பையன்களுக்கு, காசும் மரியாதையும் தரத் தயாராக நின்றது தாதா கும்பல். மும்பையின் பெயர்பெற்ற தாதா அருண் கவ்ளியே மில் தொழிலாளியின் மகன்தான். மும்பையின் 1991 நில வளர்ச்சி விதிப்படி மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கும் இன்னொரு பங்கு பொதுக் குடியிருப்புக்கும் போயிருக்க வேண்டும். 2001இல் விதியைத் திருத்தி, காலி நிலத்துக்கு மட்டும் அந்தக் கணக்கு என்றார்கள். ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று ஷாப்பிங் மால். இந்தக் கோபத்தைப் படமாக்கத்தான் வேண்டும், ரத்தத்தோடு எடுத்தாலும் சரி.

ஆனால் 2022 ஜனவரியில் டிரெய்லர் வந்தபோது எழுந்த எதிர்ப்பு ரத்தத்துக்காக அல்ல. சிறுவர்களை வைத்து எடுத்த பாலியல் காட்சிகளுக்காக. தேசிய மகளிர் ஆணையம் கடிதம் எழுதியது, போக்சோ வழக்கும் பதிவானது. பம்பாயில் வளர்ந்த என் நண்பர், "அங்க வாழ்க்கையே அப்படித்தான், காட்டினா என்ன தப்பு?" என்கிறார்.

இங்கேதான் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. கதையில் வரும் பையன் கற்பனை. கேமரா முன்னால் நிற்கும் பையன் கற்பனை இல்லை. நாளைக்கு அவன் பள்ளிக்கூடம் போக வேண்டும், தெருவில் நடக்க வேண்டும். பதினெட்டு நிரம்பாதவன் நடித்தால், ஏ சான்றிதழ் பெற்ற அந்தப் படத்தை அவனே தியேட்டரில் பார்க்க முடியாது. பார்க்கக் கூடாததை நடிக்க மட்டும் வைக்கலாமா? கதவை மூடிவிட்டு வாசலில் நிற்கும் ஒரு பாட்டியின் முகத்தைக் காட்டினாலே நமக்கு வயிறு கலங்கியிருக்குமே.

படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை நான். அந்தக் காட்சிகளை எடுத்திருக்கவே கூடாது என்கிறேன். நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு மராத்தி நன்றாகத் தெரியும். பவாரின் கதையைப் படித்துவிட்டு வாருங்கள், மறுபடி பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.