ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு பூஸ்ட்

நேற்று சாயங்காலம் ஒரு சைக்கிள் ஷோரூம் வாசலில், பழைய வேட்டியில் சுற்றிய சக்கரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு ஆள் தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்றதை யாராவது பார்த்திருந்தால், அது நான்தான். பைத்தியம் பிடிக்கவில்லை. புது மவுண்டன் பைக் வாங்கப் போயிருந்தேன்.

சமீபத்தில் வாங்கப் போனவர்களுக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன். சொல்லாவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

நான் கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார் தொழிலில் இருக்கிறவன். எங்கள் தொழிலில் ஸ்டாண்டர்டு என்றால் ஸ்டாண்டர்டு. பேரிங் கடையில் போய் "6205 ஒண்ணு கொடுங்க" என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். எங்கள் ஊர்க் கணபதி ஏரியாவில் வாங்கினாலும் அதுதான், ஜெர்மனியில் வாங்கினாலும் அதுதான். அப்பா காலத்து மோட்டார் ஒன்றை இப்போது பிரித்தாலும், புது பேரிங்கைத் தட்டி உட்கார வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். யாரும் வந்து "அண்ணா, இது பழைய 6205ங்ணா, இப்போ புது 6205 வந்திருக்கு" என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஸ்பேனர் பறந்திருக்கும்.

சைக்கிள்காரர்களும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். அங்கேதான் ஏமாந்தேன்.

இது இரண்டாவது தடவை வேறு. 2016-ல் என்னுடைய 26 இஞ்சு வண்டியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். நல்ல வண்டி, ஒரு குறை கிடையாது. "26 செத்துப்போச்சுங்ணா, இனிமே டயர்கூடக் கிடைக்காது, எல்லாம் இருபத்தேழரைதான்" என்றார்கள். பயந்துவிட்டேன். 1970-களில் கலிபோர்னியாவில் மரின் கவுண்டிப் பையன்கள் பழைய தடிச் சக்கர சைக்கிள்களில் டமால்பையஸ் மலைப் பக்கம் உருண்டு இறங்கினார்களே (மலைக்குப் பேர் வைத்தவன் தீர்க்கதரிசி, விழுந்தால் அதே சத்தம்தான்), அவர்களிடம் இருந்தது 26 இஞ்சு. ஆராய்ச்சி செய்து எடுத்ததில்லை, பழைய சாமானில் கிடைத்தது. ஒரு தடவை இறங்கினால் பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் இருக்கிற பிரேக்கில் கிரீஸ் புகைந்து போய்விடும், மறுபடி அடைக்கணும். அதனால் அந்தப் பந்தயப் பாதைக்கே ரீபேக் என்று பேர். அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க அதே அளவுச் சக்கரத்தில் மலை ஏறி இறங்கினார்கள். எனக்கு மட்டும் அது திடீரென்று செல்லாக்காசு ஆகிவிட்டது.

எனக்கு எதையும் அளந்து பார்க்கிற வியாதி உண்டு. டயர் உட்காருகிற இடத்தில் 26 இஞ்சு ரிம்மின் விட்டம் 559 மி.மீ. இருபத்தேழரைக்கு 584. வித்தியாசம் 25 மி.மீ., அதாவது ஒரே ஒரு இஞ்சு. பேரில் மட்டும் ஒன்றரை. 29-க்கு 622. அது வேறொன்றுமில்லை, ரோட்டு சைக்கிளின் 700சி ரிம்தான், தடி டயர் போட்டு வேறு பேர் வைத்துவிட்டார்கள். பூக்கார அம்மா இப்படி முழம் போட்டால் சும்மா விடுவோமா?

சரி, இருபத்தேழரைக்கு மாறினேன். 2019-ல் அந்த வண்டிக்கு நல்லதாக ஒரு ஜோடி சக்கரம் வாங்கினேன். 28,000 ரூபாய். வீட்டில் 8,000 என்று சொல்லியிருக்கிறேன், படிக்கிறவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம். பின்ஹப் அகலம் 142 மி.மீ., அதன் குறுக்கே செருகுகிற த்ரூ ஆக்சில் தண்டு 12 மி.மீ. "ஃபியூச்சர் ப்ரூஃப்ங்ணா, நாளைக்கு நீங்க எந்த வண்டி வாங்கினாலும் இது ஏறும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இதே ஷோரூம்.

போன மாதம் கோத்தகிரிப் பக்கம் டீ எஸ்டேட் பாதையில் இறங்கி நிறுத்தித் துடைக்கும்போது, சீட் குழாய் வெல்டிங் ஓரத்தில் முடி ஒட்டியிருக்கிற மாதிரி ஒரு கோடு. விரலால் தேய்த்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், நகம் மாட்டியது. ஃப்ரேம் போச்சு. சக்கரத்தில் மட்டும் இம்மி கோட்டம் இல்லை.

இப்போது விசாரித்தால் இருபத்தேழரையும் படுத்த படுக்கை, எங்கே பார்த்தாலும் 29 என்கிறார்கள். நொந்துபோய் உட்கார்ந்திருந்தபோது ஒரு நல்ல செய்தி: முன்னாடி 29, பின்னாடி இருபத்தேழரை என்று ஒரு ரகம் இருக்கிறது, மல்லெட் என்று பேர். 2019-ல் உலக சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. பந்தயங்களில் அனுமதித்த பிறகு நன்றாகப் பரவிவிட்டது. பார்ப்பதற்கு டிராக்டரைத் திருப்பி நிறுத்தின மாதிரி இருக்கும். எனக்கு அது ரதமாகத் தெரிந்தது. பின்சக்கரம்தான் என்னிடம் இருக்கிறதே!

இரண்டு தடவை ஏமாந்தவன் என்பதால் முன்யோசனையாக போன் போட்டுக் கேட்டேன். "தம்பி, பின்னாடி ஆக்சில் என்ன அளவு?"

"ஸ்டாண்டர்டுங்ணா."

"12 மில்லி த்ரூ ஆக்சில்தானே?"

"ஆமாங்ணா, ஸ்டாண்டர்டுதானுங்."

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன கேட்க முடியும்? சக்கரத்தைக் கழற்றி, துடைத்து, வேட்டியில் சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி, முழங்காலால் அணைத்துக்கொண்டு போனேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் "என்னங்க, ஆட்டுக்கல்லா?" என்றார்.

ஷோரூமில் அந்தத் தம்பி, இருபத்திரண்டு வயசு இருக்கும், நல்ல பையன், வண்டியை ஸ்டாண்டில் மாட்டி அவர்கள் சக்கரத்தைக் கழற்றினான். என் சக்கரத்தை உள்ளே விட்டான். நழுவிக்கொண்டு போனது. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அப்புறம் அவன் சக்கரத்தை இடதுபக்கம் தள்ளினான், வலதுபக்கம் ஒரு சந்து தெரிந்தது. வலதுபக்கம் தள்ளினான், சந்து இடதுபக்கம் போய்விட்டது. மறுபடி இடது. டக். மறுபடி வலது. டக். நான் குனிந்தேன். அவனும் குனிந்தான். பில் போடுகிற பெண் செல்போன் டார்ச்சோடு வந்து குனிந்தாள். வாசலில் நின்ற செக்யூரிட்டி தாத்தாவும் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, "உள்ற எதாச்சும் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். மாட்டியது நான்.

பையில் எப்போதும் வெர்னியர் இருக்கும். எடுத்தேன். ஹப் 142. ஃப்ரேமில் அளந்தேன். 148. சந்தேகத்துக்கு வெர்னியரைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அளந்தேன். அதே 148.

தம்பி நிமிர்ந்தான். "அண்ணா, ஃப்ரேம் பூஸ்ட்ங்ணா. உங்க வீல் நான்-பூஸ்ட்."

"போன்ல ஸ்டாண்டர்டுன்னியே கண்ணு?"

"பூஸ்ட்தாங்ணா ஸ்டாண்டர்டு."

"அப்ப 142?"

"அதுவும் ஸ்டாண்டர்டுதாங்ணா. பழைய ஸ்டாண்டர்டு."

பூஸ்ட் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பல வருஷமாகக் கேள்விப்பட்டுத்தான் வருகிறேன், ஆனால் நமக்கு வராது என்று நினைத்துக்கொள்வோம் இல்லையா, அப்படி. 29 இஞ்சுச் சக்கரம் பெரியது, வளையும். அதனால் ஹப்பின் காதுகளைப் பக்கத்துக்கு 3 மில்லி வெளியே தள்ளி, ஸ்போக்ஸ் கம்பிகளை இன்னும் அகலமாக விரித்துக் கட்டினால் விறைப்பாக நிற்கும். கணக்கு சரிதான், நானே போட்டுப் பார்த்தேன். ஆனால் மலையிறக்க வண்டிகளுக்கு 150 மில்லி ஹப் அதற்கு முன்னாலேயே இருந்ததே ஐயா! இரண்டு மில்லி தள்ளி ஒரு ஹப் தயாராக உட்கார்ந்திருக்கும்போது 148 என்று ஒரு நம்பரை எந்த சாமி கனவில் வந்து சொன்னது? முன்சக்கரத்துக்கும் விடவில்லை, 100 இருந்ததை 110 ஆக்கினார்கள். செயின் நேராக ஓடுகிற கோடு 49-லிருந்து 52 ஆனது, இப்போது 55 வந்துவிட்டது. விலை குறைந்த வண்டிகளுக்கு 141 என்று குவிக் ரிலீஸ் (நெம்பினால் கழலுகிற ஆக்சில்) போட்ட ஏழைத் தம்பி ஒருத்தன். இதெல்லாம் பத்தவில்லை என்று 157-ல் சூப்பர் பூஸ்ட். அடுத்தது போர்ன்விட்டா வரும், பாலைக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது தம்பி பரிதாபப்பட்டு இன்னொன்றும் சொன்னான். "ஆக்சில் மேட்ச் ஆனாலும் கேசட் ஏறாதுங்ணா. இது 12 ஸ்பீடு, மைக்ரோ ஸ்ப்ளைன். உங்களோடது ஹெச்.ஜி." கேசட் என்கிற பின்பக்கப் பல்சக்கரக் கொத்தை ஹப்பில் மாட்டுகிற வரிப்பள்ளமே வேறு வேறு. அதாவது கல்யாணம் நின்றது ஜாதகத்தால் மட்டுமில்லை, மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

சரி, சக்கரம் தொலையட்டும், ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றுகிற டிராப்பர் சீட் போஸ்ட் ஒன்று வைத்திருக்கிறேனே, அதையாவது? என்னுடையது 30.9. இந்த ஃப்ரேம் 31.6. முழுசாக 0.7 மில்லி! கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டிச் சுற்றினால் அடங்கிவிடுகிற வித்தியாசத்துக்கு இரண்டு அளவு, அது போக 27.2 ஒன்று, 34.9 ஒன்று. ஹேண்டில்பார்? என்னுடையது 31.8, அதைப் பிடிக்கிற ஸ்டெம் வண்டியில் 35. பிரேக் டிஸ்க்? என்னுடையது ஆறு போல்ட், அங்கே நடுவில் ஒரே வளையத்தால் பூட்டுகிற சென்டர்லாக். மொத்த பழைய வண்டியிலிருந்து புது வண்டிக்கு மாற்றக்கூடியது எது என்று உட்கார்ந்து யோசித்ததில் தேறியது இரண்டு: பெடல், மணி. மவுண்டன் பைக்கில் மணி வைத்திருக்கிறேன் என்று சிரிக்காதீர்கள், எஸ்டேட்டில் மாடு வரும்.

ஒரு நல்லதும் நடந்தது, மறைக்கக்கூடாது. கியர் மாற்றுகிற டீரெய்லரை மாட்டுகிற அந்தக் குட்டி ஹேங்கர் இருக்கிறதே, ஃப்ரேமுக்கு ஒரு வடிவம், வருஷத்துக்கு ஒரு வடிவம் என்று நம்மைத் தெருத்தெருவாக அலைய வைத்த அலுமினியத் துண்டு, அதற்கு 2019-ல் ஸ்ராம் கம்பெனி யூ.டி.ஹெச். என்று ஒரே பொது அளவு கொண்டுவந்தது. மற்ற ஃப்ரேம்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அப்பாடா, கடைசியில் ஒரு 6205 வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். 2023-ல் பார்த்தால் அதே இடத்தில் ஹேங்கரே இல்லாமல் நேராக மாட்டுகிற டீரெய்லர் வந்துவிட்டது. கும்பிட்ட கையை இறக்கக்கூட விடவில்லை. யூ.டி.ஹெச். இன்னும் இருக்கிறது, வேலை செய்கிறது, கிடைக்கிறது, எல்லாம் தெரியும். கோபத்தில் இருக்கும்போது நியாயம் பேசாதீர்கள்.

அந்தத் தம்பி கடைசியாக என்னைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தை சொன்னான் பாருங்கள். "விடுங்ணா, இந்த வண்டி வாங்கிட்டீங்கன்னா இனிமே கவலையே இல்ல. ஃபியூச்சர் ப்ரூஃப்."

நான் ஒன்றும் பேசவில்லை. செக்யூரிட்டி தாத்தா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

இதில் உச்சகட்டக் கொடுமை என்னவென்றால், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்ணா" என்றான், ஓட்டினேன். முன்ஃபோர்க் அவ்வளவு சாய்வு, ஹெட் ஆங்கிள் 65 டிகிரியாம். என்னுடைய பழைய 26 இஞ்சுக்கு 71. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடாமல் விட்ட குழி ஒன்று தெருமுனையில் இருக்கிறது. வேண்டுமென்றே அதில் இறக்கினேன். என் பழைய வண்டியாக இருந்தால் தலைகுப்புறத் தூக்கிப் போட்டிருக்கும். இது ஏதோ கோயில் படி இறங்குகிற மாதிரி இறங்கி, ஏறி, போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை இறக்கினேன். பாழாய்ப்போனது, நன்றாக இருக்கிறது. மட்டமாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

போகிற வழியில் லேத் பட்டறை வைத்திருக்கிற நண்பனிடம் நின்றேன். வேட்டியைப் பிரித்துக் காட்டி, பக்கத்துக்கு 3 மில்லி ஸ்பேசர் கடைந்து கொடுடா என்றேன். "பத்து நிமிஷ வேலை மாப்ள" என்று ராடை எடுத்துவிட்டான். அப்புறம் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்து, "ஹப் நடுவுல நின்னுரும். ஆனா டிஸ்க் 3 மில்லி உள்ள போயிரும்ல, பிரேக் எங்க புடிக்கும்?" என்றான். அதற்கும் ஒரு ஸ்பேசர். "கேசட்டும் 3 மில்லி உள்ள போகுமே, செயின் கோணையா ஓடாதா?" கொஞ்சம் கோணையாக ஓடும். "கேசட்டே ஏறாதுன்னு வேற சொன்னியே?" ஆமாம். அவன் ராடைக் கீழே வைத்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்காமல் ஓடுவதை இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். "பேரிங் நல்லா இருக்குடா" என்றான். எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம். பட்டறைப் பையன் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

வண்டிக்கு அட்வான்ஸ் 5,000 ஏற்கெனவே கொடுத்துவிட்டேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

சிரித்து ஓய்ந்து பக்கத்து பேக்கரியில் டீ சொன்னோம். பேப்பர் கப்பில் வந்தது. கப் என்றா சொன்னேன்? அகல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற அளவு. அதிலும் முக்கால்வாசி நுரை. "கிளாஸ்ல கொடுங்க மாஸ்டர்" என்றால் "கிளாஸ் எல்லாம் எடுத்தாச்சுங்க, இப்ப இதுதான்" என்கிறார். விலை மட்டும் அதே கிளாஸ் விலை! இரண்டு மடக்கில் முடிந்துபோகிற டீக்கு எந்த ஊரில் ஐயா பன்னிரண்டு ரூபாய்? பையில் வெர்னியர் இருந்தது. எடுத்து அளந்தேவிட்டேன். உயரம் 49.