அடுத்து என் கையில் அஞ்ஞாடிதான்

அடுத்து வாசிக்க வேண்டிய நாவல்கள் என்று நீங்கள் தந்த பட்டியல் பிடித்திருந்தது, ஆனால் எல்லாமே நகரத்துக் கதைகளாக இருக்கின்றன, தெற்கே கரிசல் மண் பக்கத்துக் கிராமக் கதை ஒன்றுகூட இல்லையே! நான் அடுத்து எடுக்கப்போவது பூமணியின் 'அஞ்ஞாடி'. 2014இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல், ஆயிரம் பக்கத்துக்கும் மேல், அதனாலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு அந்தப் பருமன்தான் ஆசையைக் கிளப்புகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த கழுகுமலை, சிவகாசிச் சாதிக் கலவரங்களை வரலாற்றுப் புத்தகத்தில் நாலு வரியில் கடந்துபோயிருக்கிறேன், அதையே சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், வீட்டுக்குள் இருந்து, தலைமுறை தலைமுறையாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் சோ. தர்மனின் 'சூல்'. ஒரு கண்மாயைச் சுற்றியே முழு நாவலும் என்றார்கள், அது ஒன்றே போதும் எனக்கு.

ஜோ டி குருஸின் 'கொற்கை'யும் வரிசையில் இருக்கிறது. அவருடைய 'ஆழி சூழ் உலகு' படித்தபோது, நடுக்கடலில் மூன்று பேர் உடைந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு மிதக்கிற பக்கங்களில் புத்தகத்தைக் கீழே வைக்கவே முடியவில்லை. கடற்கரை மீனவர்களான பரதவர்களின் பேச்சு முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஐம்பது பக்கம் பொறுத்துக்கொண்டால் காதில் தானாக ஓட ஆரம்பித்துவிடும். தூத்துக்குடித் துறைமுகத்தை அவர் எப்படி எழுதியிருப்பார் என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆவலாக இருக்கிறேன். 'அஞ்ஞாடி' படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் படிப்பது நல்லதா, பகுதி பகுதியாகவா?