ஏ.எச்.எல். ஐஸ் ஹாக்கியில் வயது வரம்பு உண்டா?

வட அமெரிக்காவின் தலையாய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-க்கு அடுத்த நிலையில் உள்ள ஏ.எச்.எல். லீக்கில் 24 வயதைக் கடந்தவர்களுக்கு இடமில்லை என்றும், அதற்குள் என்.எச்.எல். அணிக்குச் செல்லாதவரின் வாய்ப்பு முடிந்துவிட்டது என்றும் பரவும் தகவல் தவறானது.

ஏ.எச்.எல். விதி வயதைக் கணக்கிடுவதில்லை. ஆடிய ஆட்டங்களையே கணக்கிடுகிறது. ஒரு போட்டியில் களமிறங்கும் 18 ஆட்டக்காரர்களில் (கோல்கீப்பர்கள் இதில் சேர மாட்டார்கள்) 13 பேர் வளரும் வீரர்களாக இருக்க வேண்டும். அவர்களுள் 12 பேர் சீசன் தொடக்கத்தில் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, எஞ்சிய ஒருவருக்கு 320 வரை அனுமதி உண்டு. ஆகவே கல்லூரி ஹாக்கி முடித்துத் தாமதமாக வரும் 25 வயதுக்காரரும் வளரும் வீரரே. மீதி ஐந்து இடங்களில் அனுபவசாலிகள் ஆடலாம். இளைஞர்கள் பக்கத்திலிருந்து கற்பது அவர்களிடம்தான் என்பதால், இந்த ஐந்து இடங்களை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

தாமதமாகவும் மேலே செல்லலாம் என்பதற்கு ஜொனதன் மார்ஷசோ ஓர் எடுத்துக்காட்டு. என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. 2011-12 சீசனில் ஏ.எச்.எல்.-இன் கனெக்டிகட் அணிக்காக 64 புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து) குவித்தும், பல ஆண்டுகள் ஏ.எச்.எல். அணிகளிலேயே பெரும்பாலும் ஆடிய அவர், 2016-17 சீசனில், 26 வயது நிறைந்த அந்தப் பருவத்தில், என்.எச்.எல்.-இன் ஃபுளோரிடா அணிக்காக 30 கோல்கள் அடித்தார். 2023-இல் வேகாஸ் அணி என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பிளேஆஃப் சுற்றின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.