பூட்-டிலே மாறாததற்குக் காரணம் கம்பைல் அல்ல

யூ-பூட் என்பது போர்டில் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர். தானாக பூட் செய்யும் முன் அது காத்திருக்கும் விநாடிகள்தான் பூட்-டிலே. "டெஃப்கான்ஃபிக்கில் (கம்பைலுக்கான அமைப்புக் கோப்பு) பூட்-டிலே மதிப்பை மாற்றி யூ-பூட்டைத் திரும்ப எழுதினால் போதும்" என்பது பாதிதான் சரி. புது போர்டில் வேலை செய்யும். ஒருமுறை சேவ்என்வ் (அமைப்புகளைச் சேமிக்கும் கட்டளை) கொடுத்த போர்டில் செய்யாது.

டெஃப்கான்ஃபிக்கில் இருப்பது பைனரிக்குள் போகும் இயல்பு மதிப்பு மட்டுமே. யூ-பூட் எழும்போது ஈஎம்எம்சி, எஸ்பிஐ ஃபிளாஷ் போன்ற சேமிப்பகத்தில் சேமித்த என்விரான்மென்ட்டை (அமைப்பு மதிப்புகளின் தொகுப்பு) தேடும். அதன் தொடக்கத்திலுள்ள 4 பைட் சிஆர்சி32 சரிபார்ப்பு எண் பொருந்தினால் அதையே எடுத்துக்கொள்ளும். பொருந்தாவிட்டால்தான் 'பேட் சிஆர்சி' எச்சரிக்கை காட்டி உள்ளிருக்கும் மதிப்புக்குப் போகும். பைனரியை மட்டும் எழுதும்போது அந்தப் பகுதியை வழக்கமாக யாரும் தொடுவதில்லை. பழைய மதிப்பே ஜெயிக்கும்.

இதைச் சரிசெய்ய, சீரியல் கன்சோலில் யூ-பூட்டை நிறுத்தி, முதலில் 'பிரின்ட்என்வ் ஈத்அட்ர்' கொடுத்து மேக் முகவரியை (போர்டின் நெட்வொர்க் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். சில போர்டுகளில் அது என்விரான்மென்ட்டில் மட்டும்தான் இருக்கும். 'என்வ் டிஃபால்ட் -ஏ' எல்லாவற்றையும் இயல்புக்குத் திருப்பிவிடும் என்பதால், 'என்வ் டிஃபால்ட் பூட்டிலே' என்று ஒரே வேரியபிளை மட்டும் திருப்புவது நல்லது. இரண்டுமே ரேமில்தான் மாற்றும். பிறகு சேவ்என்வ் கொடுக்காமல் ரீசெட் செய்தால் மறுபடி பழைய கதைதான்.

காத்திருப்பைத் தவிர்க்க பூட்-டிலே மதிப்பை -2 என்று வைக்கும் யோசனையும் ஆபத்தானது. -1 என்றால் தானாக பூட் ஆகாது, கட்டளை ப்ராம்ப்டில் நிற்கும். 0 என்றால் காத்திருக்காது, ஆனாலும் விசையை முன்பே அழுத்தி வைத்திருந்தால் நிறுத்தலாம். -2 விசையையே பார்க்காது. பூட்சிஎம்டியில் (தானாக ஓடும் பூட் கட்டளை) பிழை இல்லாதவரை கன்சோல் கிடைக்காது. லினக்ஸிலிருந்து எஃப்டபிள்யூ_செட்என்வ் (என்விரான்மென்ட்டை மாற்றும் கருவி) மூலம் மாற்றலாம். அதற்கும் அதன் கான்ஃபிக் கோப்பிலுள்ள ஆஃப்செட்டும் (என்விரான்மென்ட் தொடங்கும் இடம்) அளவும் யூ-பூட்டில் உள்ளவற்றோடு அப்படியே பொருந்த வேண்டும்.