முதலில் மேஸ்திரியிடம் கேளுங்கள்

கட்டிட வேலைக்கு வருகிற எல்லோருக்கும் பாதுகாப்புப் பயிற்சி அட்டை கட்டாயமாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதைச் சித்தாளிடமிருந்து தொடங்காதீர்கள். வேலையைப் பேசி முடிக்கிற மேஸ்திரியும் கான்ட்ராக்டரும்தான் முதலில் அந்தப் பயிற்சியில் தேற வேண்டும்.

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் கேட்பது, 'சதுர அடி என்ன ரேட்? எப்போ முடிப்பீங்க?' சாரம் யார் கட்டுவார்கள், மேலே ஏறுகிறவருக்கு பெல்ட் உண்டா என்று கேட்பவர் அபூர்வம். கேட்டால் ரேட் ஏறிவிடுமே!

கம்பி ஏற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பி 40 அடி நீளம். குறுகலான தெருவில் ஒருவர் கீழே நின்று நிமிர்த்துகிறார், இன்னொருவர் மாடி விளிம்பில் குனிந்து வாங்குகிறார். நிமிரும்போது நுனி வளைந்து ஆடும். எந்தப் பக்கம் சாயும் என்று இருவருக்குமே தெரியாது. பக்கத்திலேயே ஈ.பி. லைன். 11 ஆயிரம் வோல்ட் லைனிலிருந்து கட்டிடமே குறைந்தது 1.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை நேற்றுச் சேர்ந்த ஒடுகத்தூர் பையனுக்கு யார் சொல்வது? லைனை நிறுத்தச் சொல்லி யார் எழுதிக் கொடுப்பது? அவன் சட்டைப்பையில் அட்டை இருந்தாலும் மேஸ்திரி 'தூக்குடா' என்றால் தூக்கத்தான் செய்வான். மறுத்தால் நாளைக்கு வேலை இல்லை.

சிங்கப்பூர் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதுகாப்பு வகுப்பில் தேறாமல் அங்கே கட்டுமான வேலைக்கு பெர்மிட் கிடைக்காது. வகுப்பைத் தமிழிலேயே நடத்துகிறார்கள். இங்கிலாந்தின் 2015 கட்டுமான விதிகளோ, வேலையை எடுக்கிறவருக்குத் திறமையும் அனுபவமும் உண்டா என்று பார்த்த பிறகுதான் அதை ஒப்படைக்கச் சொல்கின்றன. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

2025 வரை நடப்பில் இருந்த நம்முடைய 1996 கட்டிடத் தொழிலாளர் சட்டம் 10 பேராவது வேலை செய்யும் இடங்களுக்கென்று எழுதப்பட்டது. அதில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது 500 பேர் இருக்கும் இடத்துக்கு. நம் தெரு வீடுகளில் இருப்பதோ ஆறேழு பேர். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதே என்பீர்கள். விபத்து நடந்த பிறகு குடும்பத்துக்கு அது கைகொடுக்கும், அவசியம் வேண்டும். ஆனால் அதை வைத்திருப்பவருக்குச் சாரம் கட்டத் தெரியுமா என்று அது சொல்லாது.

சின்ன மேஸ்திரிகள் பயிற்சிக்கு எங்கே போவார்கள், கூலி போகுமே என்பது நியாயமான கேள்வி. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல நிதிக்கு வாங்குகிறார்கள். அதிலிருந்து அன்றைய கூலியைக் கொடுத்து, சைட்டிலேயே, தமிழில், செய்து காட்டிச் சொல்லித் தரட்டும். வரைபட அனுமதிக்கு மனு போடும்போது மேஸ்திரியின் பயிற்சிச் சான்றையும் மாநகராட்சி கேட்கட்டும்.

அதுவரை, வீடு கட்டப்போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மேஸ்திரியை மாடி வரப்போகும் இடத்துக்கு எதிரே நிற்கவைத்து, கம்பியை எந்தப் பக்கமாக ஏற்றப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.