சிங்க் இருந்தால் பேக்கப் தேவையில்லையா?

"என் ஃபைல் எல்லாம் கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறது, தனியாக பேக்கப் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சிங்க் என்றால் லேப்டாப்பில் இருப்பதை இணையத்தில் உள்ள டிரைவிலும் தானாக ஒரே மாதிரி வைத்திருப்பது; பேக்கப் என்றால் தனியாக எடுத்து வைக்கும் நகல். லேப்டாப் திருடு போனாலோ ஹார்ட் டிஸ்க் செத்தாலோ அவர் சொல்வது சரிதான், ஃபைல்கள் பிழைத்துவிடும். ஆனால் பலரும் ஃபைலை இழப்பது, தவறுதலாக அதை அழித்துவிடுவதால்தான். அந்த இடத்தில் சிங்க் காலை வாரிவிடும்.

சிங்க்கின் வேலையே இங்கே நடப்பதை அங்கேயும் நடத்துவது. லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை அழித்தால் டிரைவிலும் அது குப்பைக்குப் போகும். 30 நாள் கழித்து அங்கிருந்தும் போய்விடும். கல்யாண போட்டோ ஃபோல்டர் காணோம் என்பதை நாம் கவனிப்பதோ அடுத்த வருஷம்! ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தாலும் இதே கதை, பூட்டப்பட்ட ஃபைல்கள் சமர்த்தாக டிரைவில் ஏறிவிடும்.

சிங்க்கை நிறுத்த வேண்டாம். கூடவே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி'யை ஆன் செய்யுங்கள். டிஸ்க் இணைந்திருக்கும்வரை மணிக்கு ஒருமுறை, மாறிய ஃபைல்களை அதுவே நகலெடுக்கும், பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். ஆப்பிள் மேக் என்றால் இதே வேலைக்கு 'டைம் மெஷின்' இருக்கிறது. வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள், ரான்சம்வேர் அதைத் தொட முடியாது.

அப்புறம், ஃபைல் ஹிஸ்டரி டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி இடங்களை மட்டுமே தானாக எடுக்கும். டி டிரைவில் தனி ஃபோல்டர் வைத்திருப்பவர்கள் அதை விண்டோஸின் 'லைப்ரரி'யில் (ஃபோல்டர்களைத் தொகுத்துக் காட்டும் பட்டியல்) சேர்த்தால்தான் அதுவும் நகலாகும்.